மஞ்சள் நீரும் மகவேற்புக் கட்டளையும்

(இணுவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கினால் வலிகாமத்துச் சட்டத்தரணிகளின் முன்விறாந்தைகள் நிறைந்துவிடும். காணி உறுதி பார்க்க, அற்றோணித் தத்துவம் எழுத, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஆள் வைக்க என்று வெளிநாட்டுக்காரர் வருவார்கள். வந்த அலுவல் முடிந்து எழும்பி, கணவர் செருப்பைத் தேடும் நேரத்தில் மனைவி கதவடியில் நின்று கேட்பார்: "ஐயா, இன்னொரு விசயம். தங்கச்சிக்கு மூண்டும் பொம்பிளைப் பிள்ளையள். எங்களுக்குக் கடவுள் ஒண்டும் தரேல்லை. கடைசியை ரொறன்ரோவுக்கு எடுப்பம் எண்டு யோசிக்கிறம். தங்கச்சிக்கும் சம்மதம். என்ன பேப்பர் வேணும்?"

பேப்பர் பற்றி இன்று சொல்லத்தான் போகிறேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தங்கச்சியின் சம்மதம் அதில் இருக்கிறது. தங்கச்சியின் கணவர் என்ன சொன்னார் என்பது இல்லை. அந்தக் கடைசிப் பிள்ளையை யாராவது கேட்டார்களா என்பதும் இல்லை. பிள்ளை எடுக்கும் சட்டத்தின் சரித்திரம் முழுவதையும், யாரைக் கேட்க வேண்டும் என்ற ஒரு கேள்வி வளர்ந்து வந்த கதையாகவே நான் பார்க்கிறேன். என் தொழிலில் பழகியதால் வந்த பார்வை இது. சரித்திர ஆசிரியர்கள் வேறு மாதிரிச் சொல்லலாம்.

கதை எங்கள் மண்ணிலிருந்தே தொடங்குகிறது. 1707இல் ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இந்த நாட்டு வழக்கங்களைத் திரட்டி எழுதி, ஆளுநர் கோர்னேலிஸ் யோவான் சீமொன்ஸுக்குக் கொடுத்தார். தமிழில் பெயர்த்து, பன்னிரண்டு முதலிமாருக்குக் காட்டி, சரி என்று ஒப்பம் வாங்கினார்கள். அதுதான் தேசவழமை. பிறகு ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று காணி வழக்குகளில் இன்றும் நாங்கள் புரட்டுகிற அந்தச் சிறிய தொகுப்பில், பிள்ளை எடுப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பிள்ளையில்லாத கணவனும் மனைவியும் ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்துத் தங்கள் உரிமைக்காரராக்க விரும்பினால் முதலில் தங்கள் சகோதர சகோதரிகளிடம் சம்மதம் கேட்க வேண்டும். சகோதரர் இல்லையென்றால், சொத்து அடுத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினரிடம் கேட்க வேண்டும். அவர்கள் இணங்கினால் உறவினர் முன்னிலையில் மஞ்சள் நீர் குடிக்கும் சடங்கு நடக்கும். அதோடு பிள்ளை அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

அழகான வழக்கம்தான். ஊரறிய நடந்தது, ஒளிவு மறைவு இல்லை. ஆனால் யாரைக் கேட்டார்கள்? சொத்தை இழக்கப்போகிறவர்களைக் கேட்டார்கள். தேசவழமை ஒரு சொத்துச் சட்டம், அதன் கண்ணுக்குப் பிள்ளை ஒரு வாரிசாகத் தெரிந்தது. அந்தக் காலத்து ஐரோப்பியச் சட்டங்களும் இதைவிடப் பெரிதாக எதையும் பார்க்கவில்லை என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாளடைவில் மஞ்சள் நீர்ச் சடங்கு வழக்கொழிந்து போனது. வழக்கொழிந்த பிறகும் பெரியம்மா வீட்டில், அம்மம்மா வீட்டில், மாமி வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தார்கள், இன்றும் வளர்கிறார்கள். அதற்கு ஒரு கடதாசியும் கிடையாது. கடதாசி இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. கடவுச்சீட்டு என்ற ஒன்று வாழ்க்கைக்குள் வரும் வரைக்கும்.

பிள்ளை எடுப்பதைச் சட்டம் மகவேற்பு என்கிறது. இப்போது நடைமுறையில் இருப்பது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டமும், அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களும். இந்தச் சட்டம் கேள்வியைத் திருப்பிப் போட்டது. நீதிமன்றம் மூன்று விடயங்களில் திருப்தி அடைய வேண்டும் என்கிறது. சம்மதம் தர வேண்டியவர்கள், தாங்கள் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதை விளங்கிச் சம்மதித்தார்களா? நீதிமன்றம் கொடுக்கப்போகும் மகவேற்புக் கட்டளை பிள்ளையின் நன்மைக்கானதா? இதற்காக யாராவது பணமோ வெகுமதியோ வாங்கினார்களா? எடுப்பவருக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும்; பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். இரத்த உறவுக்குள் எடுக்கும்போது இந்த வயது விதியில் தளர்வு உண்டு. இருவர் சேர்ந்து விண்ணப்பிப்பதென்றால் அவர்கள் கணவன் மனைவியாக இருக்க வேண்டும். தனி ஆண் ஒருவர் பெண்பிள்ளையை எடுக்க விசேட காரணம் காட்ட வேண்டும். பிள்ளைக்கு 14 வயது ஆகியிருக்கக்கூடாது. பிள்ளை பத்து வயதைக் கடந்திருந்தால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். இந்தக் கடைசி விதியை 1941இல் எழுதிய கைக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுவதுண்டு. பிள்ளைகள் வாய் திறந்தால் அடி விழுந்த காலம் அது.

சட்டம் நல்லது. ஆனால் அதை எழுதியவர்கள் உள்ளூர்க் குடும்பங்களை மனதில் வைத்து எழுதினார்கள். எழுபதுகளின் நடுவிலிருந்து ஐரோப்பாவில் பிள்ளை தேடுகிறவர்கள் பெருகினார்கள். அங்கே கருத்தடை வந்துவிட்டது, மணமாகாத தாய்க்கு அரச உதவி வந்துவிட்டது. எடுத்து வளர்க்கக் குழந்தைகள் இல்லை. இங்கே வறுமை இருந்தது, விமானச் சேவை இருந்தது, ஒரு சட்டத்தரணியும் ஒரு நீதிமன்றமும் இருந்தால் சில வாரங்களில் கட்டளை வாங்கிக்கொண்டு போகலாம் என்ற நிலை இருந்தது. எழுபது எண்பதுகளில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் ஏறத்தாழ 11,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 4,000 பேர் போனது நெதர்லாந்துக்கு. யாழ்ப்பாணத்தார் பிள்ளை எடுப்பதற்கு யார் யாரிடம் சம்மதம் கேட்கிறார்கள் என்று 1707இல் கவனமாக எழுதி வைத்துவிட்டுப் போன அதே ஒல்லாந்து. சுவிற்சர்லாந்துக்கு எண்ணூறுக்கும் மேற்பட்டோர் போனார்கள். மற்றவர்கள் சுவீடன், ஜேர்மனி, பிரித்தானியா என்று போனார்கள்.

எல்லாமே களவு என்று சொல்வது நியாயமாகாது. உண்மையாகவே கைவிடப்பட்ட குழந்தைகளும் போனார்கள், நல்ல வீடுகளுக்குப் போனார்கள். ஆனால் களவு இருந்தது, தனிக் களவாக இல்லாமல் தொழிலாக இருந்தது. கர்ப்பிணிப் பெண்களை ஓரிடத்தில் வைத்துச் சாப்பாடு கொடுத்து, பிறந்ததும் குழந்தையை வாங்கிக்கொள்ளும் வீடுகள் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நடந்தன. குழந்தைப் பண்ணைகள் என்று பத்திரிகைகள் எழுதின. 1987இல் பொலிஸ் சோதனைகளுக்குப் பிறகு வெளிநாட்டு மகவேற்பைச் சில காலம் நிறுத்தியும் வைத்தார்கள். முழு விபரம் தெரிய இன்னும் முப்பது வருடம் எடுத்தது. 2017இல் நெதர்லாந்தின் ஸெம்ப்லா என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி இலங்கைக்கு வந்து தேடியது. குழந்தை இறந்துவிட்டது என்று வைத்தியசாலையில் தங்களிடம் சொன்னார்கள் எனக் கூறிய தாய்மார் இருந்தார்கள். நீதிமன்றத்தில் தாயாக நிற்பதற்கென்று காசு கொடுத்துக் கூட்டி வரப்பட்ட பெண்களும் இருந்தார்கள். 'நடிப்புத் தாய்' என்றே அவர்களுக்குப் பெயர். அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அந்த நிகழ்ச்சியிலேயே இப்படி நடந்ததை ஒப்புக்கொண்டார்.

அந்த நடிப்புத் தாயை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். 1941ஆம் ஆண்டுச் சட்டம் தாயைக் கேட்கச் சொன்னது. நீதிபதியும் கேட்டார். "இந்தக் குழந்தையைக் கொடுக்கச் சம்மதமா?" "சம்மதம், ஐயா." பதில் பதிவானது, கையொப்பம் விழுந்தது, முத்திரை குத்தப்பட்டது. கோப்பில் ஒரு குறையும் இல்லை. கேட்ட ஆள்தான் வேறு ஆள்.

இணுவிலில் இதைச் சொல்லும்போது எனக்கு மக்லியோட் ஆஸ்பத்திரி நினைவுக்கு வருகிறது. அமெரிக்க மிஷனார் 1898இல் பெண்களுக்கென்று திறந்த ஆஸ்பத்திரி. இந்த அவையிலேயே அங்கே பிறந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்கள் தாயும், தாயின் தாயும்கூட. பிரசவ விடுதிப் பதிவேட்டில் தாயின் பெயர் எழுத ஒரு கட்டம் உண்டு, அதற்குப் பக்கத்தில் ஊர், அதற்குப் பக்கத்தில் நேரம். அந்தக் கட்டத்தை மருத்துவிச்சி நேர்மையாக நிரப்பினால் ஒரு மனிதருக்குப் பிறப்பு இருக்கிறது. எண்பதுகளில் நாட்டின் வேறு பகுதிகளில் நடந்ததெல்லாம் அந்த ஒரு கட்டத்தில் வேறு பெயரை எழுதியதுதான். இன்று நாற்பது வயதில் ஆம்ஸ்ரர்டாமிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் தாயைத் தேடி வருகிறவர்கள், கையில் வைத்திருக்கும் கோப்பிலுள்ள பெயரையும் விலாசத்தையும் தேடிப் போகிறார்கள். சிலருக்கு அந்த விலாசத்தில் வீடே இல்லை. சிலருக்கு வீடு இருக்கிறது, தாய் இருக்கிறார், மரபணுப் பரிசோதனையில் அவர் தாயில்லை என்று வருகிறது.

இதற்குப் பிறகு வந்த சட்டங்களின் கடுமை எங்கிருந்து வந்தது என்பதை இப்போது விளங்கிக்கொள்ளலாம். 1992ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வெளிநாட்டு மகவேற்பை நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் ஆணையாளரின் கைக்குள் கொண்டு வந்தது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையில் 360இ என்ற பிரிவைச் சேர்த்தது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அந்தப் பிரிவை ஒரு சரித்திரப் புத்தகமாகப் படித்துப் பாருங்கள் என்பேன். கர்ப்பிணிப் பெண்ணிடம் பணம் கொடுத்து மகவேற்புக்கான சம்மதப் பத்திரம் வாங்குவது குற்றம். பிள்ளை பெறுவதற்கென்று பெண்களைச் சேர்ப்பது குற்றம். பிறப்புப் பதிவைப் பொய்யாக்க இடம் கொடுப்பது குற்றம். வைத்தியசாலைகளிலிருந்தும் காப்பகங்களிலிருந்தும் ஏமாற்றிப் பிள்ளை பெறுவது குற்றம். நடக்காத ஒன்றைத் தடுக்க எந்தப் பாராளுமன்றமும் இவ்வளவு நுணுக்கமாக எழுதாது.

சர்வதேச அளவில் 1993 மே 29இல் ஹேக் நகரில் நாடுகளுக்கிடையிலான மகவேற்புச் சமவாயம் நிறைவேறியது. மூன்று நாடுகள் ஏற்புறுதி செய்தால் நடைமுறைக்கு வரும் என்று ஏற்பாடு. முதல் மூன்று நாடுகள் மெக்சிக்கோ, ருமேனியா, இலங்கை. 1995 மே முதலாம் திகதி சமவாயம் உயிர் பெற்றது. அந்த மூன்று பெயர்களையும் கவனித்தீர்களா? பிள்ளைகளை வாங்கிய நாடு ஒன்றும் அதில் இல்லை. சூடுபட்ட நாடுகள் முதலில் வந்து ஏற்புறுதி செய்தன. நெதர்லாந்தில் 1998இலும், சுவிற்சர்லாந்திலும் பிரித்தானியாவிலும் 2003இலும்தான் அது நடைமுறைக்கு வந்தது.

சரி, பேப்பருக்கு வருவோம்.

முதல் கேள்வி: நீங்கள் வெளிநாட்டுக்காரரா? "நான் இணுவிலிலை பிறந்தனான், எங்கடை பரம்பரை காணி இஞ்சை கிடக்கு" என்று ஒருவர் சொல்வார். சமவாயம் அதைக் கேட்காது. நீங்கள் வழமையாக எங்கே வாழ்கிறீர்கள், பிள்ளை எங்கே வாழ்கிறது என்ற இரண்டைத்தான் கேட்கும். நீங்கள் ரொறன்ரோவில் வாழ்ந்தால், உங்கள் தங்கையின் பிள்ளையைக் கேட்டாலும், ஒரு கனேடியக் குடும்பம் இலங்கைப் பிள்ளையைக் கேட்கும் வழிதான் உங்களுக்கும். இரத்தம் ஒன்று என்பதற்குச் சமவாயம் தருகிற முக்கிய சலுகை 29ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அந்நியர் என்றால், தேவையான சம்மதங்கள் எல்லாம் முடியும் வரை பிள்ளையின் பெற்றோரோடு தொடர்பே வைக்கக்கூடாது. உறவுக்குள் நடக்கும் மகவேற்புக்கு இந்தத் தடை இல்லை. தங்கையோடு நீங்கள் தொலைபேசியில் கதைக்கலாம். அவ்வளவுதான்.

ஆகவே வேலை ரொறன்ரோவில் தொடங்க வேண்டும், மல்லாகம் நீதிமன்றத்தில் இல்லை. நீங்கள் வாழும் நாட்டின் அல்லது மாகாணத்தின், மகவேற்பு அலுவல்களைப் பார்க்கும் மத்திய அதிகாரசபையிடம் விண்ணப்பிக்க வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வருமானம், உடல்நிலை, பொலிஸ் பதிவு, எந்த அறையில் பிள்ளை படுக்கும், நீங்கள் இருவரும் சண்டை பிடித்தால் எப்படிச் சமாதானமாவீர்கள் என்பது வரை கேட்பார். எங்கள் ஆட்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வி பிடிப்பதே இல்லை. "நாங்கள் சண்டை பிடிக்கிறேல்லை" என்று பதில் சொல்லுவார்கள். எந்தச் சமூகப் பணியாளரும் அதை நம்புவதில்லை. அந்த வீட்டு ஆய்வறிக்கையும் நீங்கள் தகுதியானவர் என்ற சான்றும் இலங்கை ஆணையாளருக்கு வரும். இங்கே பிள்ளை மகவேற்புக்கு உரியதா, உள்நாட்டில் ஒரு குடும்பம் கிடைக்காதா என்று பார்ப்பார்கள். உள்நாட்டுக் குடும்பத்துக்கு முதலிடம் என்பது சமவாயத்தின் நாலாம் உறுப்புரையிலேயே உள்ள நிபந்தனை. அந்நியருக்குப் பிள்ளை கொடுப்பது அரச பொறுப்பிலுள்ள அல்லது முறையாகப் பதிவு செய்த இல்லங்களிலிருந்துதான்; பிள்ளையைத் தெரிவு செய்வது ஆணையாளர். பின்னர் 17ஆம் உறுப்புரையின்படி இரண்டு நாடுகளும் தொடரலாம் என்று எழுத்தில் இணங்க வேண்டும். அதற்குப் பிறகே நீதிமன்றம். உள்ளூர் மகவேற்பு என்றால் எங்கள் மாவட்ட நீதிமன்றம் போதும். வெளிநாட்டு விண்ணப்பங்களைக் கேட்பது கொழும்பு, கொழும்புத் தெற்கு மாவட்ட நீதிமன்றங்கள். கணவனும் மனைவியும் நேரில் வர வேண்டும், வாரக்கணக்கில் தங்க வேண்டும். கட்டளை கிடைத்ததும் பதிவாளர் நாயகத்திடம் பதிவு, 23ஆம் உறுப்புரைச் சான்றிதழ், கடவுச்சீட்டு, அந்த நாட்டு விசா. பிள்ளை போய்ச் சேர்ந்த பிறகும் முன்னேற்ற அறிக்கைகள் இலங்கைக்கு வர வேண்டும்.

இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, முதலில் இங்கே கட்டளை வாங்கிக்கொண்டு பிறகு அங்கே சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பிரித்தானியாவின் 2002ஆம் ஆண்டு மகவேற்பு, சிறுவர் சட்டத்தின் 83ஆம் பிரிவின்படி, முறையான மதிப்பீடு இல்லாமல் பிள்ளையை நாட்டுக்குள் கொண்டு வருவது குற்றம். பன்னிரண்டு மாதம் வரை சிறை உண்டு. கனடாவில் பிள்ளைக்கு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது பெற்றோர் குடியுரிமை பெற்றவரானால் பிள்ளைக்கு நேரடியாகக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டிலும் அதிகாரி பார்ப்பது ஒன்றைத்தான்: உண்மையான பெற்றோர் பிள்ளை உறவு உண்டாகிறதா, அல்லது குடிவரவுக்காகச் செய்த ஏற்பாடா? பெற்ற தாயும் தகப்பனும் உயிரோடு இணுவிலில் இருக்க, இரண்டு அக்காமாரும் அவர்களோடேயே இருக்க, கடைசிப் பிள்ளை மட்டும் ஏன் பெற்றோரை மாற்றுகிறது என்று அவர் கேட்பார். "அங்கை நல்லாப் படிக்கலாம்" என்ற பதில் அவருக்குப் போதாது. எனக்கும் போதாது என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். படிப்புக்கு உதவ வங்கிக் கணக்கு ஒன்று போதும். பிள்ளையின் பெற்றோரை மாற்ற வேண்டியதில்லை.

வாசல்களும் மூடப்படுகின்றன. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்தின் யூஸ்த்ரா ஆணைக்குழு, இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து 1967 தொடக்கம் 1998 வரை நடந்த மகவேற்புகளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. முறைகேடுகள் அரசுக்குத் தெரிந்திருந்தும் தலையிடவில்லை என்றது. அன்றே மகவேற்பை இடைநிறுத்தினார்கள். பிறகு கட்டுப்பாட்டோடு திறந்து, 2024இல் முற்றாக நிறுத்துவதென்று முடிவெடுத்தார்கள். டென்மார்க்கில் எஞ்சியிருந்த ஒரேயொரு முகவர் நிறுவனமும் 2024 ஜனவரியில் வேலையை நிறுத்தியது. அந்த ஆண்டிலேயே சீனா தன் பிள்ளைகளை வெளிநாட்டாருக்குக் கொடுப்பதை, நெருங்கிய உறவினர் தவிர்ந்த மற்ற எல்லோருக்கும், நிறுத்தியது. 2025 ஜனவரியில் சுவிஸ் அரசும் நிறுத்தப் போவதாக அறிவித்தது.

எங்கள் வடக்கு கிழக்குப் பகுதிக்கென்று இரண்டு விடயம் சொல்ல வேண்டும். ஒன்று, சுனாமி. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கல்முனை வைத்தியசாலைக்குச் சேற்றுக்குள்ளிருந்து மீட்ட ஒரு கைக்குழந்தையைக் கொண்டு வந்தார்கள். அன்று அனுமதித்தவர்களில் 81ஆவது என்பதால் 81ஆம் குழந்தை என்று உலகம் முழுவதும் பேரெடுத்தது. ஒன்பது தாய்மார் உரிமை கோரினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின; நீதிமன்றத்தில் முறைப்படி கோரியது ஒரு தம்பதிதான். மரபணுப் பரிசோதனை முடிந்து 2005 பெப்ரவரியில் அவர்கள் கையிலேயே பிள்ளை போனது. அந்த வாரங்களில் தாமதத்தை எல்லோரும் திட்டினார்கள், தாய் தகப்பன் அழுததைப் பார்த்தவர்கள் யாரும் திட்டாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அதே வாரங்களில் அநாதைப் பிள்ளைகளை எடுக்கலாமா என்று வெளிநாடுகளிலிருந்து விசாரிப்புகள் குவிந்தன. அரசு சுனாமிப் பிள்ளைகளின் மகவேற்பைத் தடுத்து, 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால் உறவினர் பராமரிப்புக்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கும் வழி செய்தது. அநாதை என்று பதிவான பிள்ளைக்கு ஒரு பெரியப்பா பின்னேரம் வந்து நிற்பது பேரழிவு நடந்த இடங்களில் வழமையான சங்கதி.

மற்றது, போர். 2009க்குப் பிறகு வடக்கின் இல்லங்களில் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அவர்களைப் பார்த்து, இத்தனை அநாதைகள் இருக்க எங்களுக்கு ஏன் ஒன்றைத் தர மாட்டீர்கள் என்று கேட்டார்கள். இந்த நாட்டு இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். சாப்பாட்டுக்கு வழியில்லாமல், பள்ளிக்கூடத்துக்காக விட்ட பிள்ளைகள். மாதத்தில் ஒருமுறை பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிற தாய் இருக்கும் பிள்ளை மகவேற்புக்கு உரிய பிள்ளை அல்ல.

தகப்பன் காணாமல் போன பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கல். மகவேற்புக்குத் தகப்பனின் சம்மதம் வேண்டும், அல்லது மரணச் சான்றிதழ் வேண்டும். கண்டுபிடிக்க முடியாத பெற்றோரின் சம்மதத்தை நீதிமன்றம் விலக்கி வைக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வீட்டில் மனைவி மரணச் சான்றிதழ் வாங்க மறுக்கிறார். வாங்கினால் தேடுவதை விட்டதாகிவிடும் என்கிறார். 2016இல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றை அறிமுகம் செய்தார்கள், மரணத்தை ஒப்புக்கொள்ளாமல் அலுவல் பார்ப்பதற்கு. கொஞ்சம் உதவியது. ஆனாலும் கணவன் திரும்பி வருவான் என்று காத்திருக்கும் ஒரு பெண்ணிடம், அவனுடைய பிள்ளையை இன்னொருவருக்குச் சட்டப்படி கொடுக்கும் பத்திரத்தை நீட்ட எனக்குக் கை வந்ததில்லை. என்னைக் கேட்டவர்களை வேறு சட்டத்தரணியிடம் போகச் சொல்லியிருக்கிறேன்.

குறுக்கு வழி பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர்களில் அது இருக்கிறது. பிறந்த குழந்தையை எடுத்து, பெற்றவரின் பெயரைப் போடாமல், வளர்க்கிறவரின் பெயரிலேயே பிறப்பைப் பதிவு செய்வது. இரக்கத்தால் செய்கிறார்கள், பிள்ளைக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று செய்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி அது குற்றம் என்பதை விடுங்கள், விளைவைப் பாருங்கள். வலிகாமத்தில் அப்படி வளர்ந்த ஒரு பெண், கலியாணம் செய்து வெளிநாடு போய், சில வருடம் கழித்துத் தாயைத் தன்னிடம் அழைக்க விண்ணப்பித்தார். தூதரகம் மரபணுப் பரிசோதனை கேட்டது. இருவரும் யோசிக்காமல் கொடுத்தார்கள். மகளுக்குத் தெரியாது, தாய்க்கு அந்தப் பரிசோதனை என்ன சொல்லும் என்று தெரியாது. முடிவு ஒரு வரியில் தபாலில் வந்தது. தன் பிறப்பைப் பற்றி ஒரு மனிதர் முதன்முதலாகத் தூதரகத்து நிராகரிப்புக் கடிதத்தில் படிப்பது போல ஒரு கொடுமையை நான் தொழிலில் அதிகம் கண்டதில்லை. முறைப்படி மகவேற்புக் கட்டளை எடுத்திருந்தால் சட்டப்படி அவர் அந்தத் தாயின் மகள்தான், எந்தப் பரிசோதனையாலும் அதை அசைக்க முடியாது.

உள்ளூரில் முறைப்படி எடுப்பது அவ்வளவு பெரிய மலையுமில்லை. உடுவில் பிரதேச செயலகத்தில் சிறுவர் பிரிவு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மாகாண நன்னடத்தைத் திணைக்களத்தில் விண்ணப்பம் பதியலாம். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார், கிராம அலுவலரின் அறிக்கை வரும், நீதிமன்றம் தவணை போடும். காத்திருப்போர் பட்டியல் நீளம், கைக்குழந்தை மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு இன்னும் நீளம். ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளையைக் கேட்பவர் குறைவு. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் வெளிநாட்டு உறவினரின் விண்ணப்பம் உண்மையில் பொருந்துகிறது. அப்படி ஒரு வழக்கைச் சொல்லி முடிக்கிறேன்.

கடைசிப் போரில் தாயையும் தகப்பனையும் இழந்த பதினொரு வயதுச் சிறுமி. யாழ்ப்பாணத்தில் ஓர் இல்லத்தில் பதிவானவள். தாயின் ஒன்றுவிட்ட அக்காவும் கணவரும் வெளிநாட்டில். எல்லாம் ஒழுங்காகச் செய்தார்கள்: அங்கே மதிப்பீடு, இங்கே ஆணையாளர், இரு நாட்டு இணக்கம். கொழும்பில் தவணை. நீதிபதி நல்லவர், சட்டத்தரணிகள் எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லாமல், பிள்ளையை மட்டும் தன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருத்தி, மொழிபெயர்க்கும் முதலியார் மூலம் மெதுவாகக் கேட்டார். பெரியம்மாவோடு போக விருப்பமா? விருப்பம் என்றாள். அந்த நாடு குளிர் என்று தெரியுமா? தெரியும் என்றாள். உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் கடைசியாக. அநேகமாக எந்தப் பிள்ளையும் அதற்கு வாய் திறப்பதில்லை. இவள் முதலியாரைப் பார்த்துக் கேட்டாள்: "தம்பியையும் எடுப்பினமோ?"

தம்பி ஆண் பிள்ளைகளுக்கான வேறோர் இல்லத்தில் இருந்தான். விண்ணப்பத்தில் அவன் பெயர் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டில் இடம் போதாது என்று நினைத்தோம் என்றார்கள் விண்ணப்பதாரிகள். நீதிபதி தம்பியைப் பற்றித் தனி அறிக்கை கோரி, வழக்கை அடுத்த தவணைக்கு வைத்தார். மதிப்பீடு திரும்ப முதலிலிருந்து நடந்தது, அவர்கள் வீடும் மாறினார்கள். திருத்திய மனுவில் இரண்டு பெயர்கள் இருந்தன.